திரும்பி வரும் முரசு வீக்கம்

பல் வைத்தியரிடம் போய், பல்லில் கல்லாய் இறுகிய ஊத்தையை எடுத்துவிட்டு வருகிறோம். இரத்தக் கசிவு நிற்கிறது, வாய் நாற்றம் போகிறது. சில மாதங்களில் முரசு மறுபடி சிவந்து வீங்குகிறது. "கிளீன் பண்ணினதாலதான் பல் ஆடுது, இனிப் போகவே வேணாம்" என்று நமக்குள் பேசிக்கொள்கிறோம். இந்தப் பேச்சு பிழை.

ஊத்தையை எடுத்ததும் வீக்கம் வற்றி முரசு சுருங்கும். அதுவரை மூடிக்கிடந்த பல் இடுக்கு அப்போதுதான் கண்ணில் படும். ஆட்டத்துக்குக் காரணம், முன்னமே கரைந்துபோன எலும்பு. அது பழையபடி வளர்ந்து வருவது அரிது. இரத்தம் வருகிறதே என்று பயந்து துலக்காமல் விடுவதுதான் இன்னும் கேடு.

1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் வைத்திய அறிஞர், நல்ல முரசுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் முரசு அழன்றது. துலக்கத் தொடங்கியதும் ஆறியது. கிருமிப் படலம் அன்றாடம் படிவது. வைத்தியம் அதற்கு நிரந்தர வேலி அல்ல. புகைத்தலும் சீனி வியாதியும் இருந்தால் நோய் இன்னும் இலகுவாகத் திரும்பும்.

அதே லோ 1970 முதல் 15 வருடம், நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்தார். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. 100க்கு 8 பேருக்கு நோய் வேகமாகவும் 81 பேருக்கு மிதமாகவும் முற்றியது. 11 பேருக்கு முரசு அழற்சியோடு நின்றது. இன்றும் பல் வைத்திய மாணவர் இதைப் படிக்கின்றனர். உலகம் தோட்டத்து ஆட்களின் வாயிலிருந்து பாடம் படித்தது. தோட்டத்துக்கு என்ன வந்தது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

முற்றிய முரசு நோய்க்கு வைத்தியம் பெற்றவர் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பக் காட்ட வேண்டும். பெரகலச் சந்தியில் பஸ் பிடித்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போனால் ஒரு நாள் பேர் போய்விடும், அல்லது மரக்கறிப் பாத்தி காயும். மண்சரிவுக்குப் பயந்து இடம்பெயர்ந்தவருக்குக் கிளினிக் அட்டையும் கையில் இல்லை. பீலித் தண்ணீருக்கே வரிசை. இவர்களை அக்கறையற்றவர் என்று திட்டுவதை நாம் ஏற்கமாட்டோம்.

ஒருநாள் பல் முகாம் நடத்திப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: அடுத்த முறை எப்போது வருவீர்கள்? தேதியை அட்டையில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் சம்பளம் வெட்டப்படாத ஒரு நாளாகப் பாருங்கள்.