கிடாரிலும் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டுகிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைக் கிடார் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பொறுமையாகப் படியுங்கள்.

"முப்பதே நாளில் பத்துப் பாட்டு" என்று போர்டு வைக்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இந்த வியாதி புதிதல்ல. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகளைப் பார்த்தவர்கள் நாம். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிடாரில் பிளஸ் ஒன் பாடம் எது? ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு விரல்கள் தடுமாறாமல் போவது. அதை விட்டுவிட்டு நேரே ஆண்டு விழாப் பாட்டுக்குப் போகிறார்கள். வலது கை தாளம் போடுகிறது, இடது கை தேடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பாட்டு நொண்டுகிறது. கடைசியில் பழி பிள்ளை மேல். எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம், "உனக்கு விரல் குட்டை, வராது" என்றே ஒரு மாஸ்டர் சொல்லி அனுப்பிவிட்டார். பையன் கிடாரை பீரோ மேல் போட்டுவிட்டான்.

நான் வித்வான் இல்லை. ஓய்வுக்குப் பிறகு கிடார் எடுத்தவன். ஆனால் 34 வருடம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவன். அந்தப் பையன் வாசித்ததைப் பார்த்தேன். விரல் நீளத்தில் ஒரு குறையும் இல்லை. விரல்கள் படுத்துக்கொண்டு பக்கத்துக் கம்பியைத் தொடுகின்றன. ஃபிரெட்டை ஒட்டி அழுத்தாமல் நடுவில் அழுத்துகிறான். மாற்றும்போது விரல்களை அரை ஜாண் தூக்கிவிடுகிறான். மூன்றும் திருத்தக்கூடியவை.

விரலை வளைத்து நுனியால் அழுத்த வேண்டும். இடது கை நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கட்டைவிரல் கழுத்தின் பின்பக்கம் இருக்கட்டும். கம்பியை விட்டு விரல் எழும்பினால் போதும், பறக்க வேண்டாம். சி கார்டிலிருந்து ஏ மைனருக்குப் போக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே வேண்டாம். மோதிர விரல் மட்டும் இடம் மாறினால் போதும். ஏ மைனரிலிருந்து ஈ மேஜருக்கு மூன்று விரலும் அதே வடிவத்தில் ஒரு கம்பி மேலே நகர்ந்தால் முடிந்தது. மெட்ரோனோமை 60இல் வைத்து, நாலு எண்ணிக்கைக்கு ஒரு கார்ட் என்று தினம் பத்து நிமிடம் போதும். வலது கையை நிறுத்தக் கூடாது. தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள்.

"பாட்டு வாசித்தால்தானே பையனுக்கு ஆர்வம் வரும்?" என்பார்கள். நியாயம்தான். இரண்டே கார்டில் அடங்கும் பாட்டைக் கொடுங்கள். ஆறு கார்ட் பாட்டைக் கொடுத்து ஆர்வத்தைக் கொல்லாதீர்கள்.

நம் சங்கீதத்தில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாட வைப்பார்கள். எந்த வாத்தியாரும் மூன்றாம் காலத்தில் ஆரம்பிப்பதில்லை. அண்ணன்மாரோடு ஊர் ஊராக மேடையேறிய இளையராஜாவே, சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார்.

எனவே முதல் மாதம் முடிந்ததும் மாஸ்டரிடம் "எத்தனை பாட்டு முடிச்சீங்க?" என்று கேட்காதீர்கள். "ரெண்டு கார்டை ஒரு நிமிஷம் நிற்காமல் மாற்றி வாசிக்கிறானா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு வகுப்பைப் பாருங்கள்.

மாற்றுக் கருத்து இருப்போர் தாராளமாகச் சொல்லலாம்.