கல்வி வரிக்குக் கணக்குக் காட்டுங்கள்: சொத்து வரி உயர்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

சொத்து வரி ஆண்டுதோறும் சிறிதளவு உயரும் ஏற்பாட்டை, பெற்றோரும் குடியிருப்போரும் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பு எதிர்க்கவில்லை. வரி உயர்வு என்றதும் கண்டன அறிக்கையைத்தான் பலரும் எதிர்பார்ப்பார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வர வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், குப்பை வண்டி தினமும் வர வேண்டும் என்று கேட்கும் நாம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். சொத்து வரியிலிருந்து வரட்டும் என்பது எங்கள் பதில். ஆனால் அந்த வரிக்குள் கல்விக்கென்று வாங்கும் பங்கு எங்கே போகிறது என்று பள்ளிவாரியாகக் காட்ட வேண்டும். அதைக் காட்டாமல் அடுத்த உயர்வுக்கு ஆதரவு கேட்டு மக்கள் முன் வர மாமன்றங்களுக்கும் நகர்மன்றங்களுக்கும் தார்மீக உரிமை இல்லை.

சென்னையில் 1998க்குப் பிறகு இருபது ஆண்டுகள் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018இல் உயர்த்தினார்கள்; உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்ததும் 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில், வீட்டின் பரப்புக்கும் இருக்கும் பகுதிக்கும் ஏற்ப, 25 முதல் 150 சதவீதம் வரை ஒரே அடியாக ஏற்றினார்கள். வரி விகிதத்தைச் சீர்செய்யாத மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடையாது என்று 15ஆவது நிதிக் குழு விதித்த நிபந்தனை அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது. இருபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் இடியைவிட, 2024இல் சென்னை மாமன்றம் ஒப்புக்கொண்ட 6 சதவீதம் போன்ற சிறு உயர்வு குடும்பங்களுக்குத் தாங்கக்கூடியது. 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு இருக்கும் குறைந்த விகிதத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே ஏறும் ஒவ்வொரு ரூபாயும் வாடகையாகக் கூலித் தொழிலாளியின் தலையில்தான் விடியும்.

வீட்டு வரி கட்டும் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அரையாண்டுக்கு ஒரு முறை நாம் கட்டும் தொகைக்குள் கல்வி வரி அடங்கியிருக்கிறது. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது. அந்தப் பணத்துக்காகவே நகராட்சிகள் தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. சட்டப்படி தனியாக இருக்கும் அந்தக் கணக்கைப் பெற்றோர் யாரும் பார்த்ததில்லை. வரவுசெலவுத் திட்டப் புத்தகத்தில் மொத்தத் தொகை இருக்கும். எந்த வார்டில் எவ்வளவு வசூல், எந்தப் பள்ளியின் எந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்ற விவரம் இருக்காது. அந்த விவரத்தை ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஆண்டுக்கு ஒரு முறை ஒட்ட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியும் உறுப்பினர். அவரே அதைப் படித்து விளக்கட்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அம்பத்தூர், திருவொற்றியூர் உள்ளிட்ட பகுதிகள் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அப்போதிருந்தே அங்குள்ளவர்கள் மாநகராட்சிக்குத்தான் வரி கட்டினார்கள். ஆனால் அந்தப் பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகளை மாநகராட்சி ஏற்க முடிவானது பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான். வரி ஓரிடம், பள்ளி ஓரிடம் என்ற இந்த நிலை பல நகராட்சிகளில் இன்றும் தொடர்கிறது. பெயர்ப் பலகையில் எந்தத் துறையின் பெயர் இருந்தாலும், எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளி அனைத்துக்கும் கல்வி வரியில் பங்கு உண்டு என்று மாநில அரசு தெளிவான ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இந்த நிதியை எதற்குச் செலவிடலாம் என்ற வழக்கு பழையது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் உள்ள தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் கூடினார்கள்; மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்க முடியாது என்று அன்றைய அரசு மறுத்ததால் 1925 ஏப்ரலில் திட்டம் தடைபட்டது. தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று ஓர் உள்ளாட்சி கண்டுபிடித்ததை, மேலே இருந்தவர்களின் ஒரு கையெழுத்து நிறுத்தியது. அந்த அதிகார வரிசை இன்னும் முழுதாக மாறிவிடவில்லை.

இன்றைய பள்ளியின் கைச்செலவைப் பாருங்கள். 90 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் பள்ளி மானியம் 25,000 ரூபாய். 30 பிள்ளைகள் வரை என்றால் 10,000. சாக்பீஸ், பதிவேடு, துடைப்பம், பினாயில், எரிந்துபோன டியூப்லைட், கசியும் குழாய் எல்லாம் இதற்குள். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு என்பது விதி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. மானியம் தாமதமானால் தலைமை ஆசிரியர் தன் பையிலிருந்து எடுக்கிறார், அல்லது பெற்றோரிடம் கேட்கிறார். அந்த மானியமும் டெல்லியின் கையில் இருக்கிறது: பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கு 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. உள்ளூரில் திரட்டி உள்ளூரில் செலவிடும் பணம் ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நன்கொடையை நாங்கள் மதிக்கிறோம். காமராசர் காலத்தில், அன்றைய கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் நல்ல நோக்கம் கொண்டதே. ஆனால் முன்னாள் மாணவர்கள் வசதியாக இருக்கும் பள்ளிக்குத்தான் ஸ்மார்ட் வகுப்பறை கிடைக்கும். தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு யார் கொடுப்பார்கள்? கூரையும் கழிவறையும் குடிநீரும் கொடையாளியின் மனதைப் பொறுத்து அமையக் கூடாது.

வரியை யாரிடம் முதலில் வசூலிப்பது என்பதிலும் எங்களுக்குக் கருத்து உண்டு. அரசமைப்பின் 285ஆம் பிரிவுப்படி ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு உள்ளாட்சி வரி கிடையாது. ஆனால் சாலை, குப்பை, விளக்கு என முழுச் சேவையும் பெறும் கட்டடங்களுக்கு, சொத்து வரியில் 75 சதவீதத்துக்கு இணையான சேவைக் கட்டணம் உண்டு என்பது 2009ஆம் ஆண்டு ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் முடிவான ஏற்பாடு. ரயில்வே முதல் மத்திய அலுவலகங்கள் வரை இந்தக் கட்டணத்தில் யார் எவ்வளவு கட்டினார்கள், யார் பாக்கி என்ற பட்டியலை ஒவ்வொரு மாநகராட்சியும் வெளியிட வேண்டும். நீண்ட காலம் பாக்கி வைத்திருக்கும் வணிக வளாகங்களின் பட்டியலும் அதோடு வரட்டும். உள்ளாட்சிகள் வாங்கும் தொழில் வரியின் உச்ச வரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று 1988இல் அரசமைப்பில் எழுதப்பட்டது. மாதம் மூன்று லட்சம் சம்பளம் வாங்குபவருக்கும் இன்றுவரை அதே வரம்புதான். அதை உயர்த்தத் திருத்தம் கொண்டுவருமாறு தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவரையும் கேட்கிறோம்.

2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டின் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கணக்குக் கேட்க நமக்கு ஆளும் இல்லை. இப்போது கவுன்சிலர் இருக்கிறார், பகுதி சபைக்கான விதிகளும் இருக்கின்றன. வரியை உரிய காலத்தில் கட்டிவிடுங்கள். ரசீதை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி சபைக்குப் போய், நம் வார்டில் கல்வி வரி எவ்வளவு வசூலானது, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.