இல்லமும் நலமும்: உண்ணிக் காவல்

ஆனைகட்டியைக் கடந்து அட்டப்பாடிப் பக்கம் குடியேறி, ஆடு வளர்த்து வாழும் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் வீட்டில் ஆடுகள் பத்து, பசு ஒன்று, நாய் ஒன்று. ஐந்து வயது மகனின் காதுக்குப் பின்னால் உண்ணி ஒன்று ஒட்டியிருக்கக் கண்டு, அண்டை வீட்டுப் பெரியவர் எரியும் ஊதுவத்தியை அதன்மேல் வைத்தாராம். உண்ணியின் தலை உள்ளேயே நின்றது. காது மடல் வெந்து புண்ணாயிற்று. "கடை மருந்து வாங்காமல், வேப்பெண்ணெய் போன்ற இயற்கைப் பொருள்களாலேயே இதை விரட்ட வழியில்லையா?" என்பது அவர் வினா.

வழி உண்டு; ஆயினும் அதற்கோர் எல்லையும் உண்டு. அந்த எல்லையை அறியாது வேப்பெண்ணெயை மட்டும் நம்பிக் காட்டுக்குள் புகுவது தகாது.

முதலில் உண்ணியின் வழக்கத்தை அறிதல் வேண்டும். அது பூச்சியினம் அன்று; சிலந்திக்கு உறவு. குஞ்சாயிருக்கும்போது ஆறு கால், வளர்ந்தபின் எட்டுக் கால். அதற்குச் சிறகில்லை, தெள்ளுப்பூச்சியைப் போல் துள்ளவும் அறியாது. புல் நுனியிலும் புதரின் தாழ்ந்த இலையிலும் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்துக் கிடக்கும். நாம் விடும் மூச்சையும், உடலின் சூட்டையும் வாடையையும் அம்முன்னங்கால்களில் உள்ள நுண்ணிய உறுப்பால் உணர்ந்து, உராய்ந்து செல்வோர் மேல் தொற்றிக்கொள்ளும். பின்னர் மெல்ல ஊர்ந்து, முழங்கால் மடிப்பு, இடுப்புக் கட்டு, அக்குள், காதின் பின்புறம், தலைமயிர் ஓரம் போன்ற மறைவிடம் தேடிக் கடிக்கும். ஊர்ந்து செல்லும் அந்த நேரமே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

ஆகவே சுள்ளி பொறுக்கவோ ஆடு மேய்க்கவோ செல்வோர் வெளிர் நிற ஆடை அணிக. ஊரும் உண்ணி கண்ணுக்குத் தெரியும். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்க. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சேலைமேல் முழுக்கைச் சட்டை அணிந்து இடுப்பில் படங்கு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்முறை இதற்கும் நன்று. தடத்தின் நடுவே நடக்க வேண்டும், சருகின்மேல் அமரலாகாது. வீடு திரும்பியதும் உடுத்த ஆடையைக் களைந்து கொதிநீரில் இட்டு, கடும் வெயிலில் உலர்த்துக. வெந்நீரில் சோப்பிட்டுக் குளிக்கும்போது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தல் வேண்டும். குழந்தைகளைத் தாய்மார் விளக்கொளியில் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தபின்னரே உறங்க விடுதல் நலம்.

இனி எண்ணெய்க்கு வருவோம். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து கை கால்களில் பூசினால் அதன் வாடை சிறிது நேரம் உண்ணியை விலக்கும். வியர்வை வழிந்ததும் அதன் வலிமை குன்றும்; காலையில் பூசியது மாலை வரை காக்கும் என எண்ணுதல் பிழை. கைக்குழந்தைகளின் வாயில் வேப்பெண்ணெய் ஒரு துளியும் படலாகாது. உள்ளே சென்றால் அது உயிருக்கே இடர் செய்யும். தைல மரத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. எலுமிச்சை மணமுள்ள ஒருவகைத் தைல மரத்தின் இலையிலிருந்து பதப்படுத்திச் செய்யும் விரட்டி, உண்ணிக்கு ஏற்றதென மருத்துவ அறிஞர் ஏற்றுக்கொண்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் அது ஆகாது. நாம் சளிக்கு முகரும் நீலகிரித் தைலமோ வேறு மரத்தினுடையது. பெயர் ஒப்புமை கருதி அதைப் பூசிக்கொண்டு காட்டுக்குச் செல்வதால் பயனில்லை.

பசுவுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் தேசியப் பால்வள வாரியத்தாரும் பரப்பிவரும் மூலிகை முறை ஒன்று உண்டு. பூண்டு பத்துப் பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடியின் இலை ஒரு கைப்பிடி. இவற்றை அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, வெயில் உள்ள வேளையில் மாட்டின் உடலில் தெளிக்க வேண்டும். தொழுவத்துச் சுவரின் வெடிப்புகளிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாக, உண்ணி ஒழியும்வரை செய்க. ஆடுகளுக்கு இடுமுன் கால்நடை மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நன்று.

காட்டோரம் எங்கும் செம்மஞ்சள் பூப்பூத்துப் படர்ந்து கிடக்கும் அந்த உண்ணிச்செடிக்கு யார் அப்பெயர் இட்டாரோ! இலை மருந்தாகிறது, ஆனால் கால்நடை அதை மேய்ந்தால் ஈரல் கெடும். அதன் புதரோ எலிக்கும் உண்ணிக்கும் நிழற்குடில். பட்டியைச் சுற்றிப் பத்தடி அளவாவது அதனை வெட்டி, சருகைக் கூட்டி அகற்றினால், எந்த எண்ணெயும் தராத பயனைக் காணலாம்.

நாயின் உண்ணி வேறு வகை. அது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டிறங்கிச் சுவரேறி, வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் கழுவிவிட்டு, அது படுக்கும் சாக்கை அப்படியே விடுவோர்க்கு உண்ணி ஒழிவதே இல்லை. நாள்தோறும் சீப்பால் வாரி, விரலிடுக்கும் காதுமடலும் பார்க்க வேண்டும். பூண்டு தின்னக் கொடுத்தால் உண்ணி அண்டாது என்பர் சிலர். பூண்டு நாயின் குருதியைக் கெடுக்கும், கொடுக்காதீர்.

பூனையைப் பற்றி நான் எழுதுவது பட்டறிவால். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் பூனையின் கழுத்தில் உண்ணி கண்டு, தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசினேன். இயற்கைப் பொருள்தானே என்ற துணிவு. பூனை தன் மேனியை நக்கும் பிராணி என்பதை மறந்தேன். அன்றிரவே அது எச்சில் ஒழுக நடுங்கத் தொடங்கியது, விடியுமுன் இறந்தது. என் மகள் பல நாள் என்னோடு பேசவில்லை. கற்பூரமும் வாசனைத் தைலங்களும் பூனைக்கு ஆகா. நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சே.

கடித்து ஒட்டிய உண்ணியை எடுக்கும் முறைக்கு வருவோம். ஊதுவத்தி, பீடி நெருப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டா. துன்புறுத்தப்பட்ட உண்ணி தன் வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கக்கூடும். நோய் அவ்வழியே புகும். நுனி கூர்ந்த முள்வாங்கியால், தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாமல் நேராக மெல்ல இழுக்க வேண்டும். விரலால் நசுக்கலாகாது, சோப்பு நீரில் இட்டுக் கொல்க. கடிவாயையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுக.

இத்தனை எச்சரிக்கை ஏன் என்பீர்கள். 1957-இல் கர்நாடகத்துச் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அதைத் தொடர்ந்து காட்டோர மக்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். அந்நோயைக் காட்டு உண்ணி பரப்புகிறது. பிற்காலத்தில் அது தெற்கே நகர்ந்து 2012-இல் பந்திப்பூரிலும், 2013-இல் வயநாட்டிலும் காணப்பட்டது. 2015-இல் வயநாட்டில் நூறு பேர் அளவில் நோயுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. பெரும்பாலும் திசம்பர் முதல் மே வரை உள்ள வறண்ட பருவமே அதன் காலம். நாம் சுள்ளி பொறுக்கும் காலமும் அதுவே. அதனைக் குணமாக்கத் தனி மருந்து இல்லை. காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் அருகில் செல்லாது, வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ உடனே தெரிவியுங்கள்.

மொழி மயக்கத்தால் இடர் நேராதிருக்க ஒரு குறிப்பு. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். குரங்குபனி என்று சுகாதார ஊழியர் சொன்னால் மேற்சொன்ன நோயையே சொல்கிறார். செள்ளுபனி என்பது வேறு. உண்ணியினும் சிறிய ஒன்றன் குஞ்சு கடிப்பதால் வருவது, கடிவாயில் சுருட்டுச் சுட்டாற்போல் கரும்பொருக்கு இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து உண்டு, காலத்தே கொடுத்தால் தீரும். நம் பக்கத்து மருத்துவமனைகளில் இதனையே உண்ணிக்காய்ச்சல் என்பர். மருத்துவரிடம் சென்று, "உண்ணி கடித்தது" என்று மட்டும் சொன்னால், மலையாளத்தில் உண்ணி என்பது செல்லப்பிள்ளையின் பெயராதலால் அவர் திகைக்கக்கூடும்! கடிவாயைக் காட்டிச் சொல்லுங்கள்.

சகோதரிக்கு: மகனின் காதுப் புண்ணை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கடி கண்ட நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கடும் தலைவலியோ கண்டால், அக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு அன்றே செல்லுங்கள்.