அலைக்கற்றையும் ஆமை நடையும்

பயிர் வாடுங்கால் பெய்யாத மழை, அது கருகிய பின்னர்க் கொட்டித் தீர்ப்பின் உழவனுக்கு யாது பயன்? நாட்டின் முன்னேற்றத்துக்குரிய கருவிகளும் அத்தன்மையனவே. அவை வந்தன என்பது மட்டும் போதாது. உரிய காலத்தில் வந்தனவா என்பதும் வினவத் தக்கதாம். கைப்பேசி வாயிலாக விரைந்தியங்கும் இணையம் நம் நாட்டில் பரவிய வரலாற்றை இந்நோக்கோடு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இஃது எனக்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, எங்கள் சிற்றூரில் ஏரிக்கரை மேட்டில்தான் கைப்பேசிக்கு அலை எட்டும். காலையில் மாணவர் பதின்மர் ஆங்குச் சென்று வெயிலில் அமர்வோம். ஆசிரியர் முகம் அசையாது நிற்கும். குரல் மட்டும் துண்டு துண்டாய் வரும். தேர்வு நேரம் கழிந்த பின்னர் வினாத்தாள் வந்து சேர்ந்த நாளும் உண்டு. அன்று எம்முடன் அமர்ந்திருந்தோருள் இருவர் மீண்டும் பள்ளிக்குத் திரும்பிலர். அதற்கு வறுமையே முதற் காரணம் என்பதை யான் மறுக்கவில்லை. எனினும், வறுமையால் தளர்ந்தவனுக்கு ஊன்றுகோலாக வேண்டிய கருவி அன்று கைகொடுக்கவில்லை.

இனி வரலாற்றை நோக்குவோம். மூன்றாந் தலைமுறைச் சேவையாகிய 3ஜி, ஜப்பானில் 2001ஆம் ஆண்டு அக்டோபரிலேயே தொடங்கிற்று. நம் நாட்டிலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதுபற்றிய பரிந்துரையை 2006இல் அளித்தது. அரசினர் விதிமுறைகளை வெளியிட்டது 2008இல். ஏலம் நடைபெற்றது 2010இல். அந்த ஏலம் 34 நாட்களில் 183 சுற்றுக்களாக நடந்து, அரசினர்க்கு ஏறத்தாழ 67,719 கோடி ரூபாயை ஈட்டித் தந்தது. பாதுகாப்புத் துறையினரிடமிருந்த அலைக்கற்றையை விடுவிக்கும் முயற்சியும் நெடுங்காலத்தை விழுங்கிற்று. அரசுத்துறை நிறுவனங்கள் 2008ஆம் ஆண்டின் இறுதி முதல் அடுத்தடுத்துச் சேவையைத் தொடங்கினவேனும், தனியார் நிறுவனங்கள் தொடங்க 2010ஆம் ஆண்டின் இறுதி ஆயிற்று. உலகம் அதற்கு முன்னரே அடுத்த படியில் ஏறிவிட்டது. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் 4ஜி வந்துவிட்டது.

அந்த 4ஜியின் கதையும் வேறன்று. அதற்குதவும் அலைக்கற்றை 2010 ஜூனில் ஏலம் போயிற்று. கொல்கத்தாவில் 2012 ஏப்ரலில் முதற் சேவை தோன்றிற்று. ஆயினும், நாடு முழுமைக்கும் அலைக்கற்றை வென்ற நிறுவனம் மக்களுக்குச் சேவையளித்தது 2016 செப்டம்பரில்தான். தரவு அனுப்பலாம், குரல் அனுப்பலாகாது என்று முதலில் உரிமத்தில் இருந்த தடை நீங்கவே 2013ஆம் ஆண்டாயிற்று. ஏற்ற கைப்பேசிகளும் அக்காலத்தில் அரியனவாகவும் விலை மிக்கனவாகவும் இருந்தன. ஆதலின், குற்றம் முழுவதையும் அரசினர் தலையில் ஏற்றுதல் நேர்மையாகாது.

எனினும், ஒன்றை மட்டும் எங்ஙனம் பொறுப்பது? 700 மெகாஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஊடுருவும், ஆதலின் சில கோபுரங்களைக் கொண்டே பல ஊர்களைத் தழுவும். சிற்றூர்களுக்கென்றே அமைந்தது என்னத்தக்க அவ்வலைவரிசைக்கு, 2016 ஏலத்தில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வகுத்தனர். கேட்பார் ஒருவருமில்லை. 2021இல் 6,568 கோடியாகக் குறைத்தனர், அப்பொழுதும் கேட்பாரில்லை. 2022இல் 3,927 கோடியாக்கிய பின்னரே ஒருபகுதி விலைபோயிற்று. பூதங் காத்த புதையல்போல் அது கிடந்த அவ்வாண்டுகளில்தான் யாங்கள் ஏரிக்கரையில் அமர்ந்திருந்தோம். அலைக்கற்றை நெல்லன்று, பத்தாயத்தில் வைத்துப் பின்னர் விற்பதற்கு. பயன்படாது கழிந்த நாள் கழிந்ததே. அதனை எவ்விலை கொடுத்தும் மீட்டல் இயலாது.

"அங்ஙனமாயின் ஏலத்தை ஒழித்து, முந்தி வந்தார்க்கு முதலில் கொடுத்து விடலாமே" என்பார் உளர். அவ்வழியையும் நாடு கண்டதே! 2008இல் அம்முறையில் வழங்கிய உரிமங்களுள் 122ஐ உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் நீக்கியது. முறைகேடான விரைவு மேலும் தாமதத்தையே ஈன்றது. ஆகவே ஏலம் வேண்டும்; ஆனால் அதன் நோக்கம் கருவூலத்தை நிரப்புதல் மட்டுமாதல் கூடாது என்பதே எம் கருத்து.

இனி, அலைக்கற்றை கிடைத்துவிட்டால் அனைத்தும் முடிந்ததோ? அன்று. கைப்பேசியிலிருந்து கோபுரம் வரையில்தான் செய்தி வானில் செல்லும். அதற்கப்பால் கண்ணாடி இழை வழியே செல்லுதலே சிறப்பு. அவ்விழை இல்லாத கோபுரம், அகன்ற வாயும் குறுகிய கழுத்துமுடைய குடம் போன்றது. இழை பதிக்கச் சாலையைத் தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு நகராட்சி, நெடுஞ்சாலை, வனம், இரயில்வே எனப் பல வாயில்களில் நின்று இசைவு பெறல் வேண்டும். ஊராட்சிகள் இரண்டரை இலட்சத்தையும் இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011இல் அரசினர் இசைவளித்து, ஈராண்டில் முடிப்பதாகக் கூறினர். முதற்கட்டமாகிய ஒரு இலட்சம் ஊராட்சிகள் முடிவதற்கே 2017 டிசம்பர் ஆயிற்று.

மனம் வைத்தால் விரைவும் கூடும் என்பதற்கும் சான்று உண்டு. 2022இல் 5ஜி ஏலம் ஏழே நாட்களில் முடிந்தது. ஈரிரு மாதங்களில், அக்டோபர் முதல் நாள், சேவை தொடங்கிற்று. அடுத்த ஈராண்டுகளில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட 5ஜி நிலையங்கள் எழுந்தன. நம் பொறியாளர்க்கு ஆற்றல் குறைவன்று. வழி திறந்தமையே வேண்டியிருந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டதும், இழை பதிக்கும் இசைவுக்கான புது விதிகள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்ததும் வரவேற்கத் தக்கனவே.

ஆயினும் விதி ஏட்டில் இருந்தால் போதாது. யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கேட்பாரற்றுக் கிடந்த அலைக்கற்றையின் விலையை அடுத்த ஓராண்டுக்குள் மறுபடி ஆராய்தல் வேண்டும். இரண்டாவது, அலைக்கற்றை பெற்றோர் நகரத்தைப் போர்த்தி நாட்டுப்புறத்தை மறவாதிருக்க, சிற்றூர்ச் சேவைக்குக் கெடு விதித்து, அதனைத் தவறாது ஆய்தல் வேண்டும். மூன்றாவது, குறித்த நாளுக்குள் இசைவு மறுக்காத அலுவலகம் இசைந்ததாகவே கொள்ளப்படுதல் வேண்டும்.

இக்கல்லூரியில் பயின்று ஆட்சிப் பணியிலும் பொறியியற் பணியிலும் அமர்ந்திருக்கும் முன்னாள் மாணவர் பலராவர். அவர்தம் மேசைமீது ஒரு கோபுரத்துக்கோ இழைக்கோ உரிய விண்ணப்பம் கிடக்குமாயின், அதன் மறுமுனையில் ஓர் ஏரிக்கரை உண்டு என்பதை நினைவார்களாக. ஆங்கே சிறுவர் வெயிலில் காத்திருக்கின்றனர். அவர்க்குப் பள்ளிப் பருவம் ஒருமுறைதான் வரும்.