ரசிகர்கள் காலிகளா?

கால்பந்தாட்ட ரசிகன் என்றாலே சில கனவான்களுக்கு முகம் சுளிக்கிறது. "வேலை வெட்டி இல்லாத கும்பல். கட்சி கட்டிக் கொண்டு கத்துவான். கடைசியில் மண்டையை உடைத்துக் கொள்வான்" என்கிறார்கள். எங்காவது ஒரு பந்தயத்தில் கைகலப்பு நடந்துவிட்டால் போதும். மறுநாள் பத்திரிகைகளில் தலையங்கம் பறக்கிறது. அபிப்பிராய பேதத்தைத் தாங்கிக் கொள்ளும் பக்குவம் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது என்று உபதேசம் பொழிகிறது.

நாம் கேட்கிறோம்: இது உண்மையா?

இது வெறும் பந்து விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பந்தாட்டம் பார்க்கும் கூட்டத்துக்குப் பக்குவம் இல்லை என்று இன்று சொல்லுகிறவன், சங்கம் வைக்கப் பக்குவம் இல்லை, ஊர்வலம் போகப் பக்குவம் இல்லை, ஓட்டுப் போடப் பக்குவம் இல்லை என்று நாளை சொல்லத் தயங்க மாட்டான். ஆகவே இந்த அபாண்டத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நூறாண்டு வாக்குவாதம்

கல்கத்தாவைப் பாருங்கள். இன்று கொல்கத்தா என்று எழுதுகிறார்கள். அங்கே மோகன் பகான் என்ற கால்பந்து சங்கம் 1889-ல் பிறந்தது. 1911 ஜூலை 29-ந் தேதி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைப் பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. பூட்ஸ் போட்ட பட்டாளத்தை எதிர்த்து நின்ற பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடியவர்கள்!

1920 ஆகஸ்ட் 1-ந் தேதி ஈஸ்ட் பெங்கால் சங்கம் பிறந்தது. 1947-ல் தேசம் இரண்டாக வெட்டப்பட்டது. கிழக்கு வங்கத்திலிருந்து வீடு வாசல் இழந்து, மூட்டை முடிச்சோடு லட்சக்கணக்கான ஜனங்கள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லாம் போன பிறகு, "இது எங்களுடையது" என்று சொல்லிக் கொள்ள அவர்களுக்கு மிஞ்சியது ஒரு சிவப்பு மஞ்சள் கொடி. அதுதான் ஈஸ்ட் பெங்கால் கொடி. மேற்கு வங்கத்தின் பூர்வீக வாசிகளுக்கோ மோகன் பகானின் பச்சையும் அரக்குச் சிவப்பும் உயிர்.

அன்று முதல் இன்று வரை வாக்குவாதம் ஓயவில்லை. மோகன் பகான் ஜெயித்தால் அந்தக் கட்சி வீட்டில் இறால் குழம்பு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இந்தக் கட்சி வீட்டில் இலிஷ் மீன். பந்தய நாளில் மீன் கடைக்காரன்கூட எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று பார்த்துத்தான் விலை வைக்கிறான்! ஒரே தெருவில், ஒரே ஆலையில், ஒரே வீட்டில் இரண்டு கட்சி. மாமனார் ஒரு கொடி, மாப்பிள்ளை ஒரு கொடி. கேலி உண்டு, கிண்டல் உண்டு, ஊடல் உண்டு. மறுநாள் காலை அதே தேநீர்க் கடையில் அதே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

1997 ஜூலை 13-ந் தேதி, சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இந்த இரு அணிகளும் பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோதின. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடினார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பாதிப் பேர் ஆடினார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள். எல்லோரும் வீடு திரும்பினார்கள். கூட்டம் என்றால் கலகம் என்று பேசும் கனவான்கள் இந்த நாளை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

இந்தப் பேச்சில் என்ன இருக்கிறது?

நம்மவர்களிலும் சிலர் உண்டு. "வயிற்றுப் பாட்டை விட்டுவிட்டுப் பந்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று கடிந்து கொள்வார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

ஆலைக்குள் மேஸ்திரி பேசுவான், தொழிலாளி கேட்பான். வயலில் மிராசுதார் பேசுவான், கூலியாள் கேட்பான். நாள் முழுதும் வாய் மூடிக் கிடக்கிறவன் பேசுகிற இடம் இது. பெனால்டி கொடுத்தது நியாயமா? நடு ஆட்டக்காரனை மாற்றியது சரியா? ஒருவன் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறான். அடுத்தவன், "போன வருஷ ஆட்டத்தை மறந்துவிட்டாயா?" என்று ஆதாரம் காட்டி மறுக்கிறான். மூன்றாமவன் இருவர் சொல்வதிலும் பாதி சரி என்கிறான். அங்கே தலைமைக் குமாஸ்தாவின் சொல்லுக்கும் மூட்டை தூக்குகிறவனின் சொல்லுக்கும் ஒரே மதிப்பு. கோலுக்குச் சாட்சி சொல்லப் பட்டம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். எதிராளியின் சொல்லை முழுதும் கேட்டுப் பதில் சொல்லுவது, தோற்றதை ஒப்புக் கொள்ளுவது, ஒப்புக் கொண்ட பிறகும் தன் கொடியை விடாமல் இருப்பது: இந்தப் பழக்கங்கள் யாரும் காசு வாங்காமல் கற்றுக் கொடுக்கும் பாடங்கள். இதை வீண் பேச்சு என்று தள்ளுகிறவர் ஜனங்களை அறியாதவர்.

1980-ஐ மறைக்க வேண்டாம்

"அப்படியானால் 1980-ல் நடந்தது என்ன?" என்று கனவான் கேட்பார். கேட்கட்டும். நாம் மறைக்கப் போவதில்லை.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக் பந்தயம் ஆடின. மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக் கொண்டார்கள். கேலரியில் அடிதடி மூண்டது. உயிர் தப்ப ஓடிய ஜனங்கள் நெரிசலில் மிதிபட்டார்கள். 16 பேர் மாண்டு போனார்கள். பந்து பார்க்கப் போன பிள்ளை பிணமாக வீடு திரும்பினான். அன்று அங்கே ஆட்சி நடத்தியது இடது முன்னணிதான். ஆகவே மற்றவர் மீது பழி போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது.

அந்தச் சாவிலிருந்து என்ன பாடம்? வாக்குவாதமே கூடாது என்பதா? அது மூடன் எடுக்கும் முடிவு. அடுப்பில் கை சுட்டது என்று எவளாவது சமையலை நிறுத்துகிறாளா?

அபிப்பிராய பேதம் வேறு. பகைமை வேறு. "உன் கோலி தூங்கிவிட்டான்" என்பது அபிப்பிராயம். "நீ எல்லை வேலி தாண்டி வந்தவன்தானே" என்று ஏசுவது விஷம். ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆளின் பிறப்பைப் பற்றி, மதத்தைப் பற்றி, நிறத்தைப் பற்றிப் பேச்சு திரும்பும் அந்த நிமிஷமே அது பந்தாட்டப் பேச்சு அல்ல. அந்த விஷத்தைக் கேலரியில் கொட்டுகிறவன் ரசிகன் சட்டையை மாட்டிக் கொண்ட வேறு ஆள்.

கல்கத்தா ரசிகர்கள் இந்தப் பாடத்தைக் கற்றார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ல் மாண்டவர்கள் நினைவாக அங்கே ரத்ததானம் நடக்கிறது. ஊசி ஏறும் கையின் ரத்தம் பச்சைக் கொடியா, மஞ்சள் கொடியா என்று யாரும் கேட்பதில்லை.

லிவர்பூலின் கழுத்துத் துண்டுகள்

கல்கத்தாவில் மட்டும்தான் இப்படியா? இல்லை. கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். கப்பல் கூலிகளின் ஊர். அந்த ஊரிலும் இரண்டு கட்சி: சிவப்புச் சட்டை லிவர்பூல், நீலச் சட்டை எவர்ட்டன். அங்கேயும் ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம்.

1989 ஏப்ரல் 15-ந் தேதி, ஷெபீல்டு நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் பந்தயம் பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் கம்பி வேலிக்குள் நசுங்கினார்கள். அந்த விபத்தில் பலியானவர்கள் 97 பேர். செய்தது யார்? கூட்டத்தைக் கையாளத் தெரியாத போலீஸ். பழி யார் மீது விழுந்தது? செத்தவர்கள் மீது! "குடிகாரர்கள், பிணத்தின் பையில் கைவிட்டவர்கள்" என்று லண்டன் பத்திரிகை ஒன்று முதல் பக்கத்தில் எழுதியது. கனவான்களின் அதே பழைய பாட்டு!

அப்போது பக்கத்து மைதானத்து எவர்ட்டன் ரசிகன் என்ன செய்தான்? "எதிர்க்கட்சிக்காரன் ஒழிந்தான்" என்று கொண்டாடினானா? இல்லை. இரு மைதானங்களுக்கும் நடுவே உள்ள பூங்காவின் குறுக்கே, நீலத் துண்டும் சிவப்புத் துண்டுமாக முடிச்சுப் போட்டு, ஒரு மைதானத்திலிருந்து மறு மைதானம் வரை நீட்டினார்கள். நியாயத்துக்காக நடந்த போராட்டத்தில் நீலச் சட்டைக்காரனும் கூட நின்றான். 2016-ல், 27 ஆண்டுகளுக்குப் பிறகு, மாண்டவர்கள் சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது தவறு இல்லை என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பொய் எழுதிய பேனாக்கள் தலை குனிந்தன.

அதே ஊரில் 2015-ல் இரு கட்சி ரசிகர்களும் சேர்ந்து, பந்தய நாளில் மைதான வாசலில் நின்று, பட்டினி வீடுகளுக்கு உணவுப் பண்டம் திரட்டத் தொடங்கினார்கள். உள்ளே போனால் எதிரெதிர்க் கட்சி. வாசலில் ஒரே கூடை.

பந்தாட்டத்தில் ஜமீன்தாரி!

ரசிகர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் லாபம் யாருக்கு? 2021 ஏப்ரல் 18-ந் தேதி அது அம்பலமானது. ஐரோப்பாவின் 12 பெரிய சங்கங்களின் எஜமானர்கள் கூடி, "சூப்பர் லீக்" என்று ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். அதில் ஸ்தாபகச் சங்கங்களுக்கு நிரந்தர இடம். எத்தனை முறை தோற்றாலும் கீழே இறங்க வேண்டியதில்லை. சின்ன ஊர்ச் சங்கம் வருஷமெல்லாம் உழைத்து ஜெயித்து மேலே வர வேண்டும். இவர்களோ பட்டா போட்டுக் கொண்டு உட்கார்ந்து வரவு வாங்குவார்கள். இதற்குப் பெயர் ஜமீன்தாரி அல்லாமல் வேறென்ன?

ரசிகர்கள் பிரிந்து கிடப்பார்கள், நாம் சுருட்டலாம் என்று எஜமானர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்குப் பொய்த்தது. நேற்று வரை ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தவர்கள் ஒரே குரலில் "முடியாது" என்றார்கள். லண்டனில் செல்சி மைதானத்தின் முன்னால் ரசிகர்கள் சாலையை அடைத்தார்கள். ஏப்ரல் 20-ந் தேதி, அதாவது அறிவித்த இரண்டாம் நாளே, இங்கிலாந்தின் ஆறு சங்கங்களும் பின்வாங்கின.

போலீஸ் எங்கிருந்து வந்தது?

இப்போது மறுபடி கல்கத்தா. 2024 ஆகஸ்ட் 9-ந் தேதி, ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த பயிற்சி டாக்டர் பெண் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். நகரம் கொதித்தது. ஆகஸ்ட் 18-ல் சால்ட் லேக்கில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் டூரண்ட் கோப்பையில் மோத வேண்டும். கேலரியிலிருந்து நியாயம் கேட்டுக் குரல் எழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திடீரென்று பந்தயம் ரத்து! காரணம்? பந்தோபஸ்துக்குப் போதிய போலீஸ் இல்லையாம்!

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? வீட்டில் உட்காரவில்லை. ஸ்டேடியத்தின் வெளியே கூடினார்கள். ஈஸ்ட் பெங்கால் வந்தது, மோகன் பகான் வந்தது, கறுப்பு வெள்ளைக் கொடியோடு முகமதன் ஸ்போர்ட்டிங்கும் வந்தது. மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் வந்து நின்றார். ஒரு கட்சிக்காரன் மறு கட்சிக்காரனைத் தோளில் தூக்கிக் கொண்டு கோஷம் போட்டான். இறந்த பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்பதே எல்லோருக்கும் ஒரே கோஷம்.

போலீஸ் வந்தது. தடியடி நடந்தது. பலரை வண்டியில் ஏற்றினார்கள். பந்தயத்துக்குப் போலீஸ் இல்லை, ரசிகனின் முதுகுக்கு மட்டும் போலீஸ் இருந்தது! கனவான்களே, பதில் சொல்லுங்கள்: அன்று காலித்தனம் செய்தது யார்?

இந்த ஒற்றுமை ஒரு நாளில் முளைத்ததா? இல்லை. நூறாண்டாகத் தேநீர்க் கடை பெஞ்சில் சிநேகிதமாகச் சண்டை போட்டுப் பழகியவர்கள் இவர்கள். எதிராளியின் முகம் தெரியும், குரல் தெரியும், அவன் வீட்டுக் குழம்பின் ருசியும் தெரியும். அதனால்தான் நேரம் வந்தபோது தோள் கொடுக்க முடிந்தது. பேசாமல் விலகி இருந்தவர்களுக்கு இது முடியாது. பகைத்துப் பேசியவர்களுக்கும் முடியாது.

தோழர்களே! நம் சங்கக் கூட்டத்திலும் இரண்டு அபிப்பிராயம் வரும், மூன்றும் வரும். வரட்டும். சத்தமாகவே பேசுங்கள். ஆனால் பேச்சு முடிந்ததும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். நாளை ஆலை வாசலில் தடி ஓங்கப்படும் போது, நேற்று உம்மை மறுத்துப் பேசியவன் தோள்தான் உமக்கு வேண்டும்.

கொடி இரண்டாக இருக்கட்டும். தோள் ஒன்றாக இருக்கட்டும்!