ஓட்டர்களுக்குத் துணை

ஓட்டுரிமையானது அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதனால் மாத்திரம் ஒருவருடைய கைக்கு வந்துவிடுவதில்லை. அவருடைய பெயர் ஜாபிதாவில் ஏறியிருக்க வேண்டும். தமது சாவடி எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடல் தளர்ந்தவராயினும் அங்கே போய்ச் சேர வழியிருக்க வேண்டும். பயமும் ஆசையுமின்றித் தமது மனச்சாட்சிப்படி ஓட்டளிக்கும் நிலைமை இருக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று குறையினும், சட்டம் கொடுத்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது. இக்குறையைத் தீர்க்க ஆலங்குளம் போன்ற ஊர்களில் எக்கட்சியையும் சாராத ஓட்டர் துணைச் சங்கங்கள் ஏற்பட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

இதன் அவசியத்தைச் சமீபகால நிகழ்ச்சியொன்று நன்கு உணர்த்திற்று. 2025-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி தமிழ்நாட்டில் ஓட்டர் ஜாபிதாவின் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. டிசம்பர் 19-ந் தேதி வெளியான நகல் ஜாபிதாவில், அதற்குமுன் இருந்த சுமார் 6 கோடியே 41 லட்சம் பெயர்களில் ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் காணப்படவில்லை. அவற்றுள் சுமார் 27 லட்சம் இறந்தவர்களுடையவை என்றும், 3 லட்சத்துக்கு மேற்பட்டவை இரட்டைப் பதிவுகள் என்றும், சுமார் 66 லட்சம் இடம் பெயர்ந்தோர் அல்லது விலாசத்தில் காணப்படாதோருடையவை என்றும் அதிகாரிகள் அறிவித்தார்கள். இறந்தவர் பெயரை நீக்குவதில் எவருக்கும் ஆட்சேபமிராது. ஆனால் விலாசத்தில் காணப்படாதவர் யாவரும் ஊரை விட்டே போய்விட்டவரென்று சொல்லுவதற்கில்லை. உத்தியோகஸ்தர் கதவைத் தட்டிய வேளையில் வேலைக்குப் போயிருந்தவரும், பாரத்தைப் பூர்த்தி செய்யத் தெரியாமல் வைத்திருந்தவரும் அக்கணக்கில் சேர்ந்திருக்கக் கூடுமன்றோ?

அத்திருத்தத்தில் ஜனங்களிடம் கேட்கப்பட்ட விவரத்தைக் கவனிப்போம். 2002 முதல் 2005 வரையில் தயாரான பழைய ஜாபிதாவில் தம் பெயரோ, நெருங்கிய உறவினர் பெயரோ இருக்குமிடத்தைத் தேடிக் குறிக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இடையில் 2008-ல் தொகுதிகளின் எல்லைகளே மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே இருபது வருஷத்துக்கு முந்திய பெயரைத் தேடுகிறவர் முதலில் அக்காலத்துத் தொகுதியைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. வேற்றூரிலிருந்து ஆலங்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணொருத்தி, தன் பிறந்த ஊர் ஜாபிதாவில் தகப்பனாருடைய பெயரைத் தேட வேண்டியிருந்தது. படித்தவருக்கே தலை சுற்றும் காரியம் இது. நாளெல்லாம் பீடி சுற்றி ஜீவனம் செய்யும் சகோதரிக்கு இதில் துணை புரிவார் யார்?

ஆலங்குளம் வட்டாரத்தின் நிலைமை இத்தொண்டை விசேஷமாக வேண்டி நிற்கிறது. கடையம், பாவூர்ச்சத்திரம், முக்கூடல் முதலிய பக்கத்து ஊர்களிலும் இங்கும் எண்ணற்ற பெண்மக்கள் பீடித் தொழிலைக் கொண்டே குடும்பம் நடத்துகிறார்கள். ஆடவர் பலர் வியாபாரத்தையும் கூலியையும் நாடிப் பம்பாய்க்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் போய் வருகிறார்கள். வருஷத்தில் பாதிநாள் வெளியூரிலிருப்பவர் எவ்வூர் ஓட்டரென்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. 2019-ம் வருஷம் நவம்பரில் தென்காசி ஜில்லா பிரிந்த பிறகு ஆலங்குளம் அதனுடன் சேர்ந்தது. பார்லிமெண்ட் தேர்தலுக்கோ அது திருநெல்வேலித் தொகுதியிலேயே இருக்கிறது. எக்காரியத்துக்கு எவ்வூருக்குப் போவதென்று சாமானிய ஜனங்கள் மயங்குவது இயல்பே.

ஒன்றிரண்டு நூறு பெயர்கள் விட்டுப் போனால் என்ன முழுகிப் போகும் என்பாருமுண்டு. அவர்கள் நமது சீமையின் தேர்தல் கணக்கை நினைவுகூர வேண்டும். 2021-ல் தென்காசித் தொகுதியின் முடிவு 370 ஓட்டு வித்தியாசத்தில் ஏற்பட்டது. 2016-ல் இராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டே. அவ்வழக்கு வருஷக்கணக்காகக் கோர்ட்டுகளில் நடந்தது. ஆலங்குளத்திலேயே 2011-ல் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை முந்நூறுக்கும் குறைந்த ஓட்டுக்கள். ஒரு தெருவின் பெயர்கள் விடுபட்டால் ஒரு தொகுதியின் தீர்ப்பே மாறக்கூடும். எந்தக் கட்சிக்கு லாபம், எதற்கு நஷ்டம் என்பது இங்கே விஷயமன்று. ஜனங்களின் தீர்ப்பு ஜனங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

இவ்வேலைக்குச் சர்க்கார் உத்தியோகஸ்தரும் கட்சிகளின் சாவடி ஏஜெண்டுகளும் இருக்கிறார்களே, மற்றொரு சங்கம் எதற்கு என்று கேட்கலாம். சாவடி நிலை அலுவலராக நியமிக்கப்படுகிறவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருக்கிறார். தமது சொந்த வேலையோடு இச்சுமையையும் அவர் சுமக்கிறார். கட்சி ஏஜெண்டுகளின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும், தமக்கு ஓட்டளிப்பாரென்று நம்பும் வீட்டுக்கு இருமுறை போகிறவர், எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு ஒருமுறையேனும் போவாரென்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்துக்கு விரோதம். எக்கட்சியின் கணக்கிலும் அகப்படாத ஏழை விதவை, முதியவர், அங்கவீனர், புதிதாகக் குடிவந்தவர் ஆகியோரே ஈற்றில் விடுபடுகிறார்கள். இவர்களுக்காகவே நாம் கூறும் சங்கம் வேண்டும்.

சரித்திரமும் இதையே போதிக்கிறது. அந்நிய ஆட்சியில் சொத்தும் வரியும் படிப்பும் உடைய சிறுபான்மையோருக்கே ஓட்டிருந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் அதை வழங்கியது சுதந்தர இந்தியாவின் அரசியல் சட்டம். ஆயினும் 1951-52-ம் வருஷத்து முதற் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 28 லட்சம் ஸ்திரீகள் ஜாபிதாவில் இடமிழந்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று மாத்திரம் சொல்லித் தம் சொந்தப் பெயரைக் கூற அவர்கள் மறுத்ததே காரணம். வீடு வீடாய்ச் சென்று எடுத்துரைக்கத் தொண்டர் போதிய அளவில் இருந்திருப்பின் அவர்களிற் பலர் தம் உரிமையை இழந்திரார்.

பிற தேசங்களில் இத்தொண்டு வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் பெண்கள் ஓட்டுரிமை அடைந்த 1920-ம் வருஷத்திலேயே பெண் ஓட்டர்களின் சங்கம் தோன்றி, எந்த அபேட்சகரையும் ஆதரிப்பதில்லை என்னும் விரதத்துடன் இன்றும் நடந்து வருகிறது. பிலிப்பைன்ஸில் 1986-ம் வருஷத் தேர்தலின்போது நாம்ஃபிரல் என்னும் பொதுஜன ஸ்தாபனத்தைச் சேர்ந்த லட்சக்கணக்கான தொண்டர்கள் சாவடிகளைக் காவல் புரிந்து தாமே ஓட்டுக்களைக் கணக்கிட்டார்கள். இலங்கையில் பாஃப்ரல் ஸ்தாபனம் 1987 முதல் தேர்தல்களைக் கண்காணித்து வருகிறது. நமது தேசத்திலும் 1999-ல் ஆசிரியர் சிலர் கூடித் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கின் பயனாகவே, அபேட்சகர்கள் தங்கள் சொத்தையும் கிரிமினல் வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடும் நிலைமை உண்டாயிற்று. ஒரு சிலர் செய்யக்கூடியது அற்பமென்று எண்ண வேண்டாம்.

ஆலங்குளம் சங்கம் செய்யத்தக்கவை யாவை? ஜாபிதா வெளியானவுடன் தெருத்தெருவாக அதை வாசித்துக் காட்டலாம். அடையாளச் சீட்டு கையிலிருந்தாலே ஓட்டளிக்கலாம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். ஜாபிதாவில் பெயரில்லையேல் அச்சீட்டினால் பயனில்லை. பெயர் இருந்து சீட்டு இல்லாதவரோ அங்கீகரிக்கப்பட்ட வேறு அத்தாட்சி காட்டி ஓட்டளிக்கலாம். புதிதாய்ச் சேர 6-ம் பாரம், விலாச மாற்றத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் 8-ம் பாரம் என்பதை விளக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 வயது நிரம்புவோர் பெயர் சேர்த்துக்கொள்ளலாமாகையால், இது தேர்தல் காலத்து வேலை மாத்திரமன்று. வருஷ முழுவதும் உண்டு. அபேட்சகர் மனுத் தாக்கலின் கடைசித் தேதிக்குப் பின் பெயர் சேர்க்க இயலாது என்பதையும் முன்கூட்டியே பறைசாற்ற வேண்டும். பெயர் தவறாக நீக்கப்பட்டவர், பதிவு அதிகாரியின் உத்தரவின்மீது 15 நாட்களுக்குள் ஜில்லாத் தேர்தல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். 85 வயதுக்கு மேற்பட்டோரும், நூற்றுக்கு 40 பங்கு ஊனமுடையோரும் வீட்டிலிருந்தே ஓட்டளிக்க 12-டி பாரம் கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்தாலே அது செல்லும். 1950 என்னும் தொலைபேசி எண் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இச்சங்கத்துக்குக் கட்டுப்பாடே உயிர். பாரத்தில் எழுதும் விவரமும் கையெழுத்தும் ஓட்டருடையவையாக இருத்தல் வேண்டும். பொய்யான உறுதிமொழிக்குச் சிறைத் தண்டனை உண்டு. கண் தெரியாதவருக்குச் சாவடியில் துணையாகப் போகிறவர் ஒரு நாளில் ஒருவருக்கு மேல் துணை செல்லலாகாது. கண்ட ரகசியத்தை வெளியிடவும் கூடாது. யாருக்கு ஓட்டளிப்பதென்று எவரேனும் கேட்டால், அது உம்முடைய மனச்சாட்சிக்குரியது என்பதைத் தவிர வேறு பதில் தொண்டர் வாயிலிருந்து வரலாகாது. அபேட்சகரிடமிருந்து காசோ வாகனமோ காப்பியோகூடப் பெறலாகாது. பணப் பட்டுவாடாவின் காரணமாக 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ராதாகிருஷ்ணன் நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தல்கள் ரத்தான அவமானம் நமது நாட்டுக்கு உண்டு. அக்கறை துடைக்கப் புறப்படுகிறவர் கை சுத்தமாயிருக்க வேண்டாமா?

கட்சிகளில் ஊறிய தேசத்தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கொள்கையை விட்டுவிடும்படி நாம் கேட்கவில்லை. மேடையில் உங்கள் கட்சிக்காக வாதாடுங்கள். ஆனால் ஜாபிதாவைக் கையில் எடுக்கும்போது கொடியைக் கீழே வைத்துவிடுங்கள். அது இயலாதவர் இச்சங்கத்துக்கு வெளியே நின்று உதவுவதே மேல். உங்களுக்கு எதிராக ஓட்டளிக்கப் போகிறவரென்று நிச்சயமாய்த் தெரிந்த ஒருவருடைய விடுபட்ட பெயரைச் சேர்க்க நீங்கள் ஒரு மைல் நடப்பீர்களா? நடப்பீர்களாயின் உங்களுக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை உண்டென்று சொல்லலாம்.

ஒரு சாவடிக்கு ஏறக்குறைய 1,200 ஓட்டர்களே இருக்க வேண்டுமென்பது இப்போதைய ஏற்பாடு. சாவடிக்கு நான்கு தொண்டர்கள் முன்வந்தால் ஒருவருக்கு 300 பெயர்கள். மாலைப் பொழுதுகளில் ஒரு மாதத்துக்குள் வீடுதோறும் போய் முடித்துவிடலாம். ஆசிரியர்களும், வக்கீல்களும், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும், காலேஜ் மாணவர்களும், முக்கியமாகப் பீடித்தொழில் புரியும் சகோதரிகளில் படித்தவர்களும் இதில் சேர வேண்டும். பாரதியார் சில காலம் வசித்த கடையத்துக்கு அடுத்த இச்சீமையில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. பெயரிழந்த ஒவ்வொருவரும் ஜாபிதாவில் மீண்டும் ஏறும் வரையில் ஓயாதிருக்கும் சங்கமொன்றை ஆலங்குளம் வாசிகள் தாமதமின்றி அமைப்பார்களென்று நம்புகிறோம்.