மறுமுத்திரை குத்திய காசு பழுதுபட்ட காசு அன்று

நாணயச் சேகரிப்பாளர்களின் தராசு விசித்திரமானது. எவர் கையும் படாமல் அச்சடித்த பொலிவோடு கிடந்த காசுக்கே அதில் மதிப்பு; பல கை மாறித் தேய்ந்த காசு கழிவு. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் செப்புக்காசுகளை இத்தராசில் நிறுப்பது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

ஸ்பெயினின் மரவேடிக் காசுகளே சான்று. மூன்றாம் பிலிப் 1602இல் அவற்றின் எடையைப் பாதியாக்கினார். 1603இல் பழைய காசுகளை வாங்கி, இரண்டின் மீது நான்கு, நான்கின் மீது எட்டு என முத்திரை குத்தி மதிப்பை இரட்டித்தார். நான்காம் பிலிப் ஆட்சியில் 1628இல் மதிப்பு பாதியாகச் சரிந்தது. 1636இல் மீண்டும் முத்திரை, மீண்டும் ஏற்றம். 1642இல் மீண்டும் வீழ்ச்சி. மக்களின் இசைவின்றி நாணயத்தின் மதிப்பைக் கெடுப்பது மறைமுக வரியே என்று 1609இல் எழுதிய ஹுவான் தெ மரியானா என்னும் ஏசுசபைத் துறவி சிறை வைக்கப்பட்டார்.

அந்த வரியைச் செலுத்தியவர்கள் வெள்ளியைப் பெட்டியில் பூட்டிவைத்தவர்கள் அல்லர். செம்பில் கூலி பெற்றவர்கள். அவர்கள் நூல் எழுதவில்லை. ஒரே காசின் மீது அடுத்தடுத்து ஏறிய முத்திரைகளே அவர்கள் பட்ட பாட்டின் ஆவணம். அதனைத்தான் விற்பனைப் பட்டியல்கள் ‘உருக்குலைந்தது’ என்று ஒதுக்குகின்றன.

சேகரிப்பாளர்கள் இல்லையெனில் இக்காசுகள் உருக்கப்பட்டிருக்கும் என்பர் சிலர். உண்மைதான். ஆனால் உலோகத்தைக் காப்பது வேறு, சான்றைக் காப்பது வேறு. புதையலைப் பிரித்து ஒவ்வொன்றாய் விற்றபின், எவ்வெக்காசுகள் ஒருங்கே புழங்கின என்பதை எவரும் மீட்க இயலாது. புளியிட்டு விளக்கிய பாத்திரம்போல் களிம்பைச் சுரண்டியபின், மண்ணில் கிடந்த வரலாறும் அதனோடு போய்விடுகிறது.

தரங்கம்பாடி நோக்கி வந்த நிக்கோபார் என்னும் டேனியக் கப்பல் 1783இல் தென்னாப்பிரிக்கக் கரையருகே மூழ்கியது. அதில் ஸ்வீடனின் செப்புத் தகட்டு நாணயங்கள் இருந்தன. கப்பலும் அதன் திசையும் தெரிந்ததால்தான், ஸ்வீடனின் செம்பு சோழமண்டலக் கரையை நாடிய கதை தெரிகிறது. கண்ணாடிப் பேழைக்குள் தனித்திருக்கும் தகடு அதனைச் சொல்லாது.

ஆய்வுலகும் குற்றத்திலிருந்து தப்ப இயலாது. கிடைத்த இடம் குறிக்கப்படாத பட்டியல்களைச் சான்றாக ஏற்று, அது அவற்றுக்கு மதிப்பூட்டுகிறது. எடை, முத்திரைகளின் வரிசை, கிடைத்த இடம் ஆகிய மூன்றையும் கேளாமல் எந்தச் செப்புக்காசும் ஆய்வேட்டில் இடம்பெறலாகாது. கேட்பவர் இருந்தால்தான் விற்பவர் குறித்துவைப்பார்.